பாலையில் தனியே: சாகச எழுத்துக்கு ஒரு மறுப்பு

அமெரிக்கத் தென்மேற்கின் பள்ளத்தாக்குப் பூங்காக்களுக்குப் போய்வந்தவர்கள் எழுதும் தமிழ்ப் பயணக் கட்டுரைகளைச் சில ஆண்டுகளாக விடாமல் படித்து வருகிறேன். கிராண்ட் கேன்யன், ஸயான், ஆர்ச்சஸ், கேன்யன்லாண்ட்ஸ் என்று பெயர்கள்தாம் மாறுகின்றனவே ஒழியக் கட்டுரை மாறுவதில்லை. லாஸ் வேகாஸில் இறங்குவார்கள். வாடகைக் காரில் சில மணி நேரம். விளிம்பில் நின்றதும் பேச்சற்றுப் போய்விடும். பேச்சற்றுப் போனதைப் பற்றி அடுத்த மூன்று பத்திகளுக்குப் பேசுவார்கள். பிறகு கீழே இறங்குவார்கள். தண்ணீர் தீரும். கால் பிசகும். இயற்கையின் முன் மனிதன் எத்தனை அற்பம் என்ற ஞானம் உதிக்கும். அந்த அற்ப மனிதர் மேலே ஏறிவந்து நின்று எடுத்துக்கொண்ட நிழற்படத்தோடு கட்டுரை முடியும்.

இதில் எனக்குப் பெரிய குறையில்லை. விடுமுறையில் போகிறவர் விடுமுறைக் கட்டுரைதான் எழுதுவார். என் சண்டை மூன்று சொற்றொடர்களோடு. 'மனிதக் காலடி படாத நிலம்', 'ஆளரவமற்ற பாலை', 'தனிமையின் சாகசம்'. இம்மூன்றும் இல்லாத கட்டுரையை நான் இன்னும் படிக்கவில்லை. இம்மூன்றும் பொய். அறியாமையால் சொல்லப்படும் பொய்யல்ல. நூற்றைம்பது ஆண்டுகளாகத் திட்டமிட்டு எழுதி எழுதி நிலைநாட்டப்பட்ட பொய். நம்மவர்கள் அதை அங்கிருந்து நினைவுப் பரிசு போல வாங்கி வந்து தமிழில் வைக்கிறார்கள்.

நீ அங்கே போயிருக்கிறாயா என்று கேட்பார்கள். இல்லை. என் வழக்கு பள்ளத்தாக்கின் மீது அல்ல, பள்ளத்தாக்கைப் பற்றிய எழுத்தின் மீது. அதற்குப் படித்திருந்தால் போதும்.

இந்த எழுத்து மரபின் முதல் நூல் ஜான் வெஸ்லி பவலுடையது. உள்நாட்டுப் போரில் 1862-ல் ஷைலோ களத்தில் வலக்கையை இழந்தவர். 1869 மே 24 அன்று வயோமிங்கின் கிரீன் ரிவரிலிருந்து பத்துப் பேர் நான்கு படகுகளில் புறப்பட்டார்கள். ஒரு படகு பாறையில் மோதிச் சிதறியது. ஒருவர் பாதி வழியிலேயே விலகினார். ஆகஸ்டு 28 அன்று, மேலும் ஒரு பயங்கர நீர்வீழ்ச்சியின் முன் நின்றபோது, ஹௌலண்ட் சகோதரர் இருவரும் வில்லியம் டன்னும் இனி ஆற்றில் வரமாட்டோம் என்று சொல்லிப் பள்ளத்தாக்குச் சுவரேறிப் போனார்கள். அவர்கள் மூவரும் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் ஷிவ்விட்ஸ் பையூட் மக்களா மார்மன் குடியேறிகளா என்ற வழக்கு இன்றுவரை ஓயவில்லை. எஞ்சிய ஆறு பேர் மறுநாளே, ஆகஸ்டு 29 அன்று, பள்ளத்தாக்கைக் கடந்து வெளியே வந்தார்கள்.

மகத்தான கதை. ஐயமில்லை. ஆனால் பவல் 1875-ல் வெளியிட்ட நூலைக் கவனியுங்கள். நாட்குறிப்பு வடிவில், நிகழ்காலத்தில், ஆற்றின் இரைச்சலுக்கு நடுவே உட்கார்ந்து எழுதியது போல இருக்கும். உண்மையில் அவர் ஆற்றில் எழுதியவை மிகச் சுருக்கமான குறிப்புகள். நூல் பல ஆண்டுகள் கழித்து உருவாக்கப்பட்டது. அதைக்கூட மன்னிக்கலாம், இலக்கியத்தில் இது புதிதன்று. மன்னிக்க முடியாதது வேறொன்று. 1871, 1872 ஆண்டுகளில் பவல் இரண்டாம் முறையாக அதே ஆற்றில் வேறு ஆட்களோடு போனார். அந்தப் பயணத்தில் நடந்தவற்றை எடுத்து 1869-ன் கதைக்குள் சேர்த்துவிட்டார். இரண்டாம் பயணம் நடந்ததாகவே நூலில் சொல்லவில்லை. துடுப்புப் போட்டு, நிலம் அளந்து, வரைபடம் தீட்டிய அந்த ஆட்களின் பெயர்கள் நூலில் இல்லை. அவர்களுள் ஒருவரான டெலன்பா, புறப்பட்டபோது பதினேழு வயதுப் பையன், 1908-ல் தானே ஒரு நூல் எழுதித்தான் தாங்கள் போனதைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது.

ஏன் இப்படிச் செய்தார்? முதல் பயணம் என்பதற்கு ஓர் ஒளிவட்டம் இருக்கிறது. இரண்டாவது பயணம் என்றால் அது வேலை. முதலாவது என்றால்தான் சாகசம். ஒளிவட்டம் கலையாமலிருக்க ஒரு படகுக் கூட்டமே அழிக்கப்பட்டது. பவல் அற்பர் அல்லர். வறள்நிலங்களைப் பற்றி 1878-ல் அவர் அளித்த அறிக்கை, தண்ணீர் இல்லாத மேற்கில் கிழக்கைப் போல் குடியேற முடியாது என்று அரசின் முகத்துக்கு நேராகச் சொன்னது. பழங்குடி மொழிகளின் சொற்களைத் தொகுத்தவர். அப்படிப்பட்ட மனிதரே இந்த வகை எழுத்துக்குள் நுழைந்ததும் உடன் வந்தவர்களை விழுங்க வேண்டியிருந்தது என்பதுதான் நான் சுட்ட விரும்புவது. வடிவத்தின் கோளாறு அது. (அவர் பெயரை அணை நீர்த்தேக்கம் ஒன்றுக்குச் சூட்டி, அவர் வியந்து பெயரிட்ட கிளென் கேன்யனையே அந்த நீரில் மூழ்கடித்தது வரலாற்றின் குரூர நகைச்சுவை.)

அடுத்தவர் எட்வர்ட் ஆபி. பாலை எழுத்தின் வேதம் என்று ஆங்கிலம் படித்த நண்பர்கள் கையில் திணிக்கும் 'டெசர்ட் சாலிட்டேர்', 1968-ல் வந்தது. ஆபியின் உரைநடை எனக்குப் பிடிக்கும். சினம் கொண்ட உரைநடை. பூங்காக்களுக்குள் கார்களை விடாதே என்று அவர் போட்ட கூச்சலில் நியாயம் உண்டு. ஆனால் நூலின் துணைத்தலைப்பே ஒரு பருவகாலம் என்கிறது. ஆர்ச்சஸில் அவர் காவலராக வேலை பார்த்தது 1956, 1957 எனப் பல பருவங்கள். எல்லாவற்றையும் உருக்கி ஒரே பருவமாக வார்த்தார். அதிலும் சில காலம் அவருடைய மனைவியும் கைக்குழந்தையும் அவருடன் அங்கே இருந்தார்கள். நூலில் அவர்கள் இல்லை. உலகமே வியந்த அந்தத் தனிமையில் பக்கத்தில் ஒரு பெண் பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தாள்.

பவல் படகோட்டிகளை அழித்தார். ஆபி மனைவியை அழித்தார். இரண்டும் ஒரே செயல்.

தனிமனிதர் குற்றமாக இதை முடித்துவிட முடியாது. கிளென் கேன்யன் அணையின் மதகுகள் 1963-ல் மூடப்பட்டன. அதே ஆண்டில் ஸியரா கிளப் வெளியிட்ட நிழற்பட நூல் ஒன்று, மூழ்கப்போகும் அந்தப் பள்ளத்தாக்குக்கு அஞ்சலி. எலியட் போர்ட்டரின் படங்கள். இயற்கைப் பாதுகாப்பு இயக்கத்தின் திசையையே மாற்றிய நூல் என்பார்கள். அதன் தலைப்பு என்ன தெரியுமா? யாரும் அறியாத இடம் என்பது அதன் பொருள். யாரும் என்றால் யார்? நவாஹோ மக்களுக்கு அந்த இடம் தெரியாதா? அங்கேயுள்ள வானவில் பாறைப் பாலம் அவர்களுடைய வழிபாட்டிடம். நீர்த்தேக்கம் உயர்ந்து தங்கள் தெய்வங்களை மூழ்கடித்துவிட்டது, தொழுமிடம் போய்விட்டது என்று அவர்களில் சிலர் 1974-ல் நீதிமன்றம் போனார்கள். 1980-ல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். யாரும் அறியாத இடத்துக்காக வழக்காடித் தோற்றவர்கள் அவர்கள். அணை கட்டியவர்கள் கண்ணுக்கும் அவர்கள் தெரியவில்லை, அணையை எதிர்த்தவர்கள் கண்ணுக்கும் தெரியவில்லை.

இனி நம்மவர்கள் அதிகம் போகும் கிராண்ட் கேன்யனுக்கு வருவோம். ஆற்றின் வழியே 446 கிலோமீட்டர் நீளம், ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் ஆழம் என்ற கணக்கெல்லாம் எல்லாக் கட்டுரைகளிலும் உண்டு. 1903-ல் தியோடர் ரூஸ்வெல்ட் அங்கே வந்து, இதில் மனிதன் கை வைக்காமல் அப்படியே விட வேண்டும் என்று பேசியதும் உண்டு. ஆனால் அவர் பேசிய நாளில் அங்கே மனிதக் கை இருந்தது. பிரைட் ஏஞ்சல் பாதையில் விளிம்பிலிருந்து ஏழு கிலோமீட்டர் கீழே ஓர் ஊற்று, அதைச் சுற்றிப் பருத்திமர நிழல். ஹவசுப்பாய் மக்கள் அங்கே சோளமும் பூசணியும் அவரையும் பயிரிட்டு வந்தார்கள். 1882-ல் அரசு அவர்களுக்கு ஒதுக்கியது பள்ளத்தாக்கின் ஒரு கிளையில் வெறும் 518 ஏக்கர். குளிர்காலத்தில் அவர்கள் வேட்டையாடித் திரிந்த மேட்டுநிலம் கைவிட்டுப் போயிற்று. 1919-ல் தேசியப் பூங்கா வந்தது. அந்த ஊற்றோரத்தில் கடைசியாக எஞ்சியிருந்த பில்லி பர்ரோ என்ற ஹவசுப்பாய் மனிதரைப் பூங்கா நிர்வாகம் 1928-ல் வெளியேற்றியது. ஆளை வெளியேற்றிவிட்டு அந்த இடத்துக்கு இந்தியன் கார்டன் என்று பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். குடியிருந்தவர் போய்விட்டார், பெயர்ப்பலகை நின்றது.

'மனிதக் காலடி படாத நிலம்' என்று நீங்கள் எழுதுவது இந்த இடத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான். காலடி படாத நிலம் அல்ல அது. காலடியைத் துடைத்த நிலம்.

ஹவசுப்பாய்கள் சும்மா இருக்கவில்லை. பல பத்தாண்டுகள் மனுக் கொடுத்து, வாஷிங்டனுக்கு நடந்து, 1975-ல் ஏறத்தாழ 1,85,000 ஏக்கரைத் திரும்பப் பெற்றார்கள். அதை எதிர்த்தவர்களின் வரிசையில் ஸியரா கிளப்பும் நின்றது. 2023 ஆகஸ்டில் கிராண்ட் கேன்யனை ஒட்டிய பெருநிலப்பரப்பு ஒன்று, முக்கியமாக யுரேனியச் சுரங்கங்கள் புதிதாக வராமல் தடுக்கும்பொருட்டு, தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதன் பெயர் பாஜ் ந்வாவ்ஜோ இதா குக்வேனி. முன்பாதி ஹவசுப்பாய் மொழி: பழங்குடியினர் உலவும் இடம். பின்பாதி ஹோப்பி மொழி: எங்கள் முன்னோரின் காலடிகள். நிலத்துக்கு உரியவர்கள் அதற்குக் காலடி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நம் கட்டுரையாளர் காலடி படவில்லை என்கிறார்.

அப்படியானால் அந்த நிலத்தில் நடப்பது கடினமில்லையா, ஆபத்து இல்லையா என்று கேட்கலாம். உண்டு. கோடையில் பள்ளத்தாக்கின் அடியில் 40 பாகை செல்சியஸைத் தாண்டும் வெப்பத்தில் மனிதர்கள் இறக்கிறார்கள். மலையேற்றத்தில் களைத்தவன் இறங்கிவிடலாம். இங்கே களைத்தவன் ஏறியாக வேண்டும். இந்தத் தலைகீழ் பலரைக் கொல்கிறது. நான் மறுப்பது ஆபத்தை அல்ல. ஆபத்தை ஒருவர் தனியே வென்றார் என்ற பாவனையை.

யார் தனியே? தென்விளிம்பில் நீங்கள் நிரப்பிக்கொண்ட தண்ணீர், வடவிளிம்புக்குக் கீழே ரோரிங் ஸ்பிரிங்ஸ் ஊற்றில் பிறந்து, 1960-களில் போட்ட குழாய் வழியாகப் பள்ளத்தாக்கின் அடியைக் கடந்து, அதே ஹவசுப்பாய் தோட்டத்துக்கு வந்து, அங்கிருந்து மேலே ஏற்றப்படுவது. கிழடு தட்டிய குழாய். 2024 ஆகஸ்டு இறுதியில் பல இடங்களில் உடைந்தபோது தென்விளிம்பு விடுதிகளில் இரவு தங்குவதையே நிறுத்த வேண்டி வந்தது. அடிவாரத்து ஃபேன்டம் ராஞ்ச் விடுதிக்கு அரிசி பருப்பு போல வேண்டியதெல்லாம் கோவேறு கழுதைகளின் முதுகில் இறங்குகிறது. குப்பை அதே முதுகில் ஏறுகிறது. ரப்பர்ப் படகில் நீங்கள் அலறிக்கொண்டே கடந்த வெள்ளம், மேலே அணையில் மின்சாரத் தேவைக்கேற்பத் திறந்துவிடப்பட்டது. கொலராடோ என்றால் ஸ்பானிய மொழியில் செந்நிறம். வண்டலோடு செந்நீராக ஓடியதால் வந்த பெயர். அணைக்குக் கீழே இன்று அது பெரும்பாலான நாட்களில் பச்சைத் தெளிநீர், குளிர்ந்த நீர். இவை எதையும் அறியாமல் 'காட்டாறு' என்று எழுதுகிறோம். குழாய்த் தண்ணீருக்குக் காட்டாறு என்று பெயர் வைப்பதைத் தமிழாசிரியனாக நான் அனுமதிப்பதற்கில்லை.

சாகசமல்லாத பயணமும் அங்கே நடந்திருக்கிறது. 1938-ல் எல்ஸாடா க்ளோவர், லோயிஸ் ஜாட்டர் என்ற இரு தாவரவியலாளர்கள் யூட்டாவின் கிரீன் ரிவரிலிருந்து மீட் நீர்த்தேக்கம் வரை ஆற்றில் போனார்கள். கிராண்ட் கேன்யனை முழுக்கப் படகில் கடந்த முதல் பெண்கள் என்று ஏடுகளில் உள்ளவர்கள். செய்தித்தாள்களுக்கு அவர்கள் ஒரு வேடிக்கை. பெண்கள் ஆற்றில் செத்துப்போவார்களா என்பதே கேள்வி. அவர்களோ செடிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். படகில் வருவோருக்குச் சமைத்துப் போட்டுவிட்டு, மிச்ச நேரத்தில் செடி பறித்து அழுத்தி வைத்தார்கள். 1944-ல் வெளியான அவர்களுடைய தாவரப் பட்டியல், அணைக்கு முந்திய ஆற்றங்கரை எப்படியிருந்தது என்பதற்கு இன்றும் ஆதாரம். 1994-ல், எண்பது வயதில், ஜாட்டர் மீண்டும் அந்த ஆற்றில் போய்ப் பழைய நிலையை அறிவியலாளர்களுக்கு எடுத்துச் சொன்னார். அந்தப் பட்டியலில் 'நான்' இல்லை. ஆற்றங்கரை இருக்கிறது.

கடைசியாக, நம் வாசகர் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆரன் ரால்ஸ்டன். 2003 ஏப்ரலில் யூட்டாவின் ப்ளூஜான் கேன்யனில், ஆள் தோள் அகலமேயுள்ள பாறை இடுக்கில், உருண்ட கல்லில் கை சிக்கி ஐந்து நாள் கிடந்து, கையைத் தானே அறுத்துக்கொண்டு பிழைத்தவர். 2010-ல் டேனி பாயில் படமாக்கினார். ஏ. ஆர். ரஹ்மானின் இசை ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. நம்மூரில் அந்தப் பள்ளத்தாக்கைப் பலரும் கேள்விப்பட்டதே அதனால்தான். அதன் பிறகு எழுதப்படும் ஒவ்வொரு பள்ளத்தாக்குக் கட்டுரையிலும் ரால்ஸ்டன் தலைகாட்டுகிறார், தனிமனித உறுதியின் சின்னமாக.

அவருடைய வலியைச் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனால் அந்த ஐந்து நாட்களில் மேலே என்ன நடந்தது? எங்கே போகிறேன் என்று அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. அதைத் தம் தவறு என்று பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். வேலைக்கு வரவில்லை என்றதும் உடன் வேலை செய்தவர்கள் தேடத் தொடங்கினார்கள். தாய் தொலைபேசியை விட்டு நகரவில்லை. அவர் எங்கே போயிருக்கக்கூடும் என்று ஊர் ஊராகக் காவல் நிலையங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். வண்டி ஹார்ஸ்ஷூ கேன்யன் பாதை முகப்பில் நிற்பது கண்டுபிடிக்கப்பட்டது. ஹெலிகாப்டர் கிளம்பியது. ரால்ஸ்டன் கையை அறுத்துக்கொண்டு, பாறைச்சுவரில் கயிற்றில் இறங்கி, குருதி சொட்ட நடந்து வரும்போது எதிரே ஒரு டச்சுக் குடும்பம் வந்தது, தண்ணீரும் பிஸ்கெட்டும் கொடுத்தது. சற்று நேரத்தில் ஹெலிகாப்டர் தலைக்கு மேல் வந்தது. அது தற்செயலாக அங்கே வரவில்லை. ஒரு தாயின் தொலைபேசி அழைப்புகள் அதைக் கொண்டுவந்தன.

இங்கேதான் பாலை என்ற நம் சொல்லை நினைத்து மனம் வெதும்புகிறது. டெசர்ட்டுக்குப் பாலை என்று மொழிபெயர்த்துவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். தொல்காப்பியம் பாலைக்கு நிலம் ஒதுக்கவில்லை. நண்பகலும் வேனிலும் என்று பொழுதைத்தான் கொடுத்தது. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையில் தம் இயல்பு திரிந்தால் அது பாலை என்றது சிலப்பதிகாரம். அகநானூற்றின் ஒற்றைப்படை எண்ணுள்ள பாடல்கள் அனைத்தும் பாலை, நானூற்றில் இருநூறு. அவற்றில் ஆளற்ற நிலம் எங்கே இருக்கிறது? வழிப்பறிக் கள்வர் உண்டு, உப்பு வண்டி ஓட்டும் உமணர் உண்டு, எயினர் குடி உண்டு, விழுந்தவர்க்கு நட்ட கல் உண்டு. அந்தச் சுரத்தில் நடப்பவன் தன்னை நிரூபிக்கப் போகவில்லை. பொருள் தேடப் போகிறான், போகவேண்டியிருப்பதால் போகிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, பாட்டில் பேசுவது பெரும்பாலும் நடப்பவன் அல்லன். வீட்டில் இருந்து நாள் எண்ணும் தலைவி பேசுகிறாள். தோழி பேசுகிறாள். உடன்போன மகளின் மெல்லடி அந்தப் பரலில் எப்படித் தாங்குமோ என்று தாய் பேசுகிறாள். வழியின் கொடுமை நமக்குத் தெரிவதே போகாதவளின் வாய் வழியாகத்தான்.

அப்படியொரு திணையை வைத்திருந்தவர்கள், ரால்ஸ்டனைப் பற்றி எழுதும்போது அந்தத் தாயை ஒரு வரியில்கூடச் சொல்லாமல் விடுகிறோம். பவல் கூட்டம் முழுக்க ஆற்றில் மாண்டது என்று 1869-ல் ஒருவன் புரளி கிளப்ப, அது செய்தித்தாள்களில் ஓடியபோது, இது நடந்திருக்க முடியாது என்று தேதிகளை வைத்து மறுத்தவர் பவலின் மனைவி எம்மா. அவரும் எந்தச் சாகசக் கட்டுரையிலும் இல்லை.

இன்னொன்று. ரால்ஸ்டன் அன்று போட்டிருந்த திட்டப்படி, ப்ளூஜான் வழியாக இறங்கி, ஹார்ஸ்ஷூ கேன்யனில் உள்ள கிரேட் கேலரி என்ற பாறை ஓவியத் தொகுதியைப் பார்த்துவிட்டு வண்டிக்குத் திரும்பியிருக்க வேண்டும். அந்தப் பகுதி கேன்யன்லாண்ட்ஸ் பூங்காவோடு 1971-ல் சேர்க்கப்பட்டது. ஆளுயரத்துக்கும் மேலான உருவங்கள், கைகால் இல்லாமல், செங்காவி நிறத்தில், பாறைச் சுவர் நெடுக நிற்கின்றன. வயது ஆயிரம் ஆண்டோ அதற்கு மேலோ. தீட்டியவர்கள் அந்த இடுக்குகளில் தலைமுறை தலைமுறையாக இறங்கி ஏறியவர்கள். கை சிக்கிய மனிதரை உலகம் முழுக்கத் தெரியும். அவர் பார்க்கப் போன அந்தச் சுவரைப் பற்றித் தமிழில் ஒரு நல்ல கட்டுரை என் கண்ணில் பட்டதில்லை. அங்கே போய்வரும் நண்பர்கள் யாரேனும் எழுதினால், நிழற்படத்தில் அவர்கள் இல்லாவிட்டாலும், நான் முதல் வாசகனாக இருப்பேன்.

மேலே சொன்ன இந்தியன் கார்டனுக்கு 2022 நவம்பரில் பெயர் மாற்றினார்கள். இப்போது ஹவசுப்பாய் கார்டன்ஸ். அந்தப் பழங்குடியினரே கேட்டு வாங்கிய மாற்றம். சென்ற மாதம் படித்த கட்டுரையில் நம் பயணி அங்கே நிழலில் உட்கார்ந்து சப்பாத்தி சாப்பிடுகிறார். இடத்தின் பெயர் இன்னும் இந்தியன் கார்டன் என்றே இருக்கிறது; 'நம்ம பேர்ல ஒரு தோட்டம்' என்று ஒரு நகைச்சுவை வேறு.